விருந்தினர் இல்லத்தின் முதல் ரூபாய்

2025 பிப்ரவரி 1 அன்று நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட மத்திய நிதிநிலை அறிக்கையில் சுற்றுலாத் துறைக்கான அறிவிப்புகளுள் ஒன்று, ஹோம்ஸ்டே நடத்துவோருக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்பதாகும். பூர்விக வீட்டின் மேல்தளமோ, வெளிநாட்டில் குடியேறிய பிள்ளைகளின் அறைகளோ காலியாகக் கிடக்கும் குடும்பங்களுக்கு இது ஒரு புதிய வாசல். வீட்டைச் சீரமைத்து, சில நாள் தங்க வருவோருக்கு வாடகைக்கு விட்டு, பராமரிப்புச் செலவையும் ஈட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு தவறானதன்று.

கடன் பெறும் வழிமுறைகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். கடன் கைக்கு வந்தபின் அதன் முதல் ரூபாய் எதற்குச் செலவாகிறது என்பது அதைவிட முக்கியமான கேள்வி. பெரும்பாலான வீடுகளில் அந்த ரூபாய் வண்ணப்பூச்சுக்கும், பளபளக்கும் டைல்ஸுக்கும், ஃபால்ஸ் சீலிங்குக்கும், பெரிய தொலைக்காட்சிப் பெட்டிக்கும் போகிறது. அதாவது புகைப்படத்தில் விழுவனவற்றுக்கே போகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. விருந்தினர் கண்ணில் படாத இடங்களில்தான் உயர்ந்த தரம் தொடங்குகிறது. பழைய வீடுகளைப் பொறுத்தவரை, ‘ஹோட்டல் போல’ ஆக்குவதற்காக நாம் பெயர்த்தெறிகின்றவற்றில் பல, விருந்தினரின் வசதிக்கும் உயிருக்கும் காவலாக இருப்பவை.

இதை விளக்கக் கொல்கத்தாவின் பவானிபூரை எடுத்துக்கொள்கிறேன். மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ பழைய வீடு வைத்திருப்போருக்கும் இதில் சொல்லப்படுவன பெரிதும் பொருந்தும்.

யார் வருகிறார்கள்?

1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓடியது. அன்றைய பவானிபூர் நிலையம்தான் இன்று நேதாஜி பவன் என்று வழங்குகிறது. எல்ஜின் சாலையில் ஜானகிநாத் போஸ் 1909ஆம் ஆண்டு கட்டிய வீட்டின் நினைவாக வந்த பெயர் அது. 1941 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் காவலர் கண்ணில் படாமல் வெளியேறியது அந்த வீட்டிலிருந்துதான். அவர் ஏறிச்சென்ற வாண்டரர் கார் இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது.

இந்தப் பகுதிக்கு விருந்தினர் வரப் பல காரணங்கள் உண்டு. தெற்கே காளிகாட் கோயில், அருகிலேயே எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை, ஹாஸ்ராவில் சித்தரஞ்சன் புற்றுநோய் நிலையம், மேற்கே அலிப்பூரில் தேசிய நூலகம் எனச் சூழ்ந்திருக்கின்றன. ராஷ்பிகாரி சந்திப்பைத் தாண்டினால் தமிழர் நெடுங்காலமாக வாழும் லேக் மார்க்கெட் வட்டாரம். கொல்கத்தாவின் துர்கா பூஜையை 2021 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபின், அந்த நாள்களில் பவானிபூர்த் தெருக்களில் வெளிநாட்டு முகங்களும் மிகுந்திருக்கின்றன.

ஆகவே, விருந்தினர் என்றதும் தோளில் கேமராவுடன் வரும் சுற்றுலாப் பயணியை மட்டும் நினைத்தால் போதாது. சிகிச்சைக்கு வந்த தந்தைக்குத் துணையாக மூன்று வாரம் தங்கும் மகள், நூலகத்தில் ஆய்வு செய்ய வந்த மாணவர், காளி தரிசனத்துக்கு வந்த முதியவர்கள் ஆகியோரும் விருந்தினரே. தமிழ்நாட்டாருக்கு இது புதிய செய்தியன்று. சென்னை கிரீம்ஸ் சாலையிலும் வேலூரிலும் வங்க மொழிப் பெயர்ப்பலகைகள் தொங்குவதன் காரணம் நமக்குத் தெரியும். மருத்துவத்துக்காக வரும் வங்காளக் குடும்பங்கள் அங்கே தேடுவது சாய்ந்துகொள்ள ஓர் அறை, மீன்குழம்பு வைக்க ஓர் அடுப்பு, இடைவிடாத தண்ணீர், வழுக்காத குளியலறை, இரவில் அமைதி ஆகியவற்றைத்தான். பவானிபூரில் தங்க வருபவரும் ஏறக்குறைய இவற்றையே தேடுகிறார்.

நட்சத்திரங்கள் எதை அளக்கின்றன?

இன்று இந்தத் தொழிலில் தரம் என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் செயலிகளே பொருள் வகுக்கின்றன. ஏர்பிஎன்பி நிறுவனம் தன் சிறந்த வீட்டுக்காரர்களுக்கு ‘சூப்பர்ஹோஸ்ட்’ என்ற தகுதியை அளிக்கிறது. அதற்கு ஐந்துக்கு 4.8 சராசரி மதிப்பீடு, ஆண்டில் குறைந்தது 10 தங்கல்கள், 90 விழுக்காட்டுக்குக் குறையாத பதிலளிப்பு, 1 விழுக்காட்டுக்கும் குறைவான ரத்து ஆகியன தேவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைக் கணக்கிடுகிறார்கள். தூய்மை, விளம்பரத்தில் சொன்னதற்கும் கண்டதற்குமான பொருத்தம், வரவேற்பு, தகவல் தொடர்பு, இருப்பிடம், கொடுத்த பணத்துக்கான மதிப்பு ஆகிய ஆறு தலைப்புகளில் விருந்தினர் தனித்தனியே நட்சத்திரம் இடுகின்றனர்.

இந்த அளவுகோலைக் குறைகூற இடமில்லை. நான்கு நட்சத்திரம் என்பதே தோல்வி என்று ஆகிவிட்ட கடுமை அதில் இருந்தாலும், அழுக்குப் போர்வையை விரித்துவிட்டு ‘அனுசரித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் பழக்கத்தை அது ஒழித்திருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு இரவு தங்கிச் செல்பவர் தாம் கண்டதற்கே மதிப்பெண் தர முடியும். சுவருக்குள் ஓடும் ஒயரின் வயது அவருக்குத் தெரியாது. மொட்டைமாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்பதை எந்த நட்சத்திரமும் சொல்லாது. ஐந்து நட்சத்திரம் பெற்ற வீடு ஆபத்தான வீடாகவும் இருக்க இயலும்.

அடைக்கப்பட்ட சன்னல்கள்

2025 ஏப்ரல் 29 மாலை, கொல்கத்தாவின் படாபஜாரில் மேச்சுவா பழச்சந்தை அருகே ஒரு விடுதியில் தீப்பிடித்து 14 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, புகை. இறந்தவர்களுள் மூவர் நம் கரூரிலிருந்து ஊர் பார்க்கச் சென்ற ஒரு குடும்பத்தினர். இரண்டு குழந்தைகள், அவர்களின் தாத்தா. சன்னல்கள் அடைக்கப்பட்டிருந்ததும், மாற்றுப் படிக்கட்டு பயன்படாமல் கிடந்ததும் பின்னர் செய்திகளில் வெளிவந்தன. அதன்பின், மொட்டைமாடிகளில் நடத்தப்பட்ட உணவகங்களை மூடுமாறு கொல்கத்தா மாநகராட்சி உத்தரவிட்டது. விபத்தின்போது மக்கள் ஓடி நிற்கும் இடம் மொட்டைமாடி என்பதே அதற்குக் காரணம். இதே நகரின் பார்க் ஸ்ட்ரீட்டில் 2010 மார்ச் 23 அன்று ஸ்டீபன் கோர்ட் கட்டடம் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும், பூட்டிக் கிடந்த மாடிக் கதவைப் பற்றி இதே பேச்சு எழுந்தது.

மேச்சுவா விடுதி ஒரு பெரிய கட்டடம். நாம் பேசுவது மூன்று நான்கு அறைகள் கொண்ட வீடு. ஆயினும் தவறு ஒன்றேதான். குளிர்சாதனம் பொருத்தும்போது சன்னலை அடைக்கிறோம். திருட்டுக்கு அஞ்சி, திறக்கவே இயலாத கம்பிக்கூண்டை வைக்கிறோம். பின்படிக்கட்டைச் சாமான் அறையாக்குகிறோம். குழந்தைகள் ஏறிவிடுவார்கள் என்று மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எங்கோ வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. நான்கும் சேரும்போது அந்த வீடு ஒரு பெட்டியாகிவிடுகிறது. அதில் உறங்குபவர் அந்த வீட்டை முதன்முறையாகக் காண்பவர். இருட்டில் கதவு எந்தப் பக்கம் என்பதுகூட அவருக்கு நினைவிராது.

தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் பழம்பொருள் புதுமை என்பதே. உறவினரைவிட, முன்பின் அறியாத புதியவரையே அச்சொல் முதலில் சுட்டியது. புதியவருக்கு வீட்டின் வழிகள் தெரியாது என்பதைக் கருதி வீட்டை ஒழுங்குசெய்வதே விருந்தோம்பலின் முதல் கடமை.

எதைப் பெயர்க்கிறோம், எதை இழக்கிறோம்?

பவானிபூரின் பழைய வீடுகளுக்கு ஒரு முகம் உண்டு. பச்சை வண்ணம் பூசிய, சாய்வுப் பலகைகள் கொண்ட நெடிய சன்னல்கள். வங்காளத்தில் அவற்றைக் ‘கொர்கொரி’ என்பார்கள். பலகைகளைச் சாய்த்தால் வெயிலும் சாரலும் வெளியே நிற்க, காற்று மட்டும் உள்ளே வரும். கீழே சிவப்பு ஆக்ஸைடு தரை. மேலே உத்தரமும் குறுக்குச் சட்டமும் தெரியும் தளம். நம் ஊர் மெட்ராஸ் டெரஸின் நெருங்கிய உறவு. தெருவோரம் ‘ரோயாக்’ எனப்படும் திண்ணை. நம் திண்ணையைப் போலவே அரட்டைக்கும் இளைப்பாறலுக்குமான இடம். தென் கொல்கத்தாவின் இத்தகைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்படுவதைக் கண்டு, எழுத்தாளர் அமித் சௌத்ரி 2015இல் ‘கல்கத்தா ஆர்க்கிடெக்சுரல் லெகசீஸ்’ என்ற முயற்சியைத் தொடங்கினார். புகழ்பெற்ற மாளிகைகளை விடச் சாதாரண நடுத்தரக் குடும்பங்களின் இந்த வீடுகளே நகரின் தனித்தன்மை என்பது அவருடைய வாதம்.

விருந்தினருக்காக வீட்டைப் புதுப்பிப்போர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இந்த முகத்தில்தான். கொர்கொரியைக் கழற்றி அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி பொருத்துகிறார்கள். சிவப்புத் தரையின் மேல் டைல்ஸ் பாவுகிறார்கள். உத்தரங்களை மறைத்து ஃபால்ஸ் சீலிங் அமைக்கிறார்கள். இம்மூன்றும் அழகுக் கேடு மட்டுமல்ல, பொறியியல் கேடும் ஆகும். கொர்கொரி போனால் வீட்டின் மூச்சு போகிறது. மழைக்காலத்தில் சுவர் பூஞ்சை பிடிக்கிறது. அறை முழுக்க முழுக்கக் குளிர்சாதனத்தை நம்பி நிற்கிறது. ஃபால்ஸ் சீலிங் அமைந்தபின் உத்தரத்தைக் கறையான் அரிப்பதோ, இரும்புச் சட்டம் துருவேறி உப்புவதோ யார் கண்ணிலும் படாது. ஈரமான பளபளப்பு டைல்ஸ் வழுக்கும். பாட்டி காலத்திலிருந்து தேய்த்துத் தேய்த்து மெருகேறிய சிவப்புத் தரைக்கு வாரம் ஒருமுறை நல்ல துடைப்பே போதும்.

‘விருந்தினர் ஹோட்டல் போன்ற அறையைத்தான் விரும்புகிறார்கள்’ என்பது இதற்கான எதிர்வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஹோட்டலின் தூய்மையையும் வெந்நீரையும் நல்ல மெத்தையையும் அவர்கள் விரும்புகிறார்கள். ஹோட்டலின் சுவரையும் கூரையையும் விரும்பினால் ஹோட்டலுக்கே சென்றிருப்பார்கள். வடக்குக் கொல்கத்தாவில் சியாம்பஜார் அருகே 1920களின் வீடு ஒன்று ‘கல்கத்தா பங்களா’ என்ற தங்குமிடமாகியிருக்கிறது. நகரின் பழைய தொழிற்குடியிருப்புகளின் பெயர்களை அறைகளுக்கு இட்டு, பழைய தரையையும் சன்னலையும் காத்து, குளியலறையை மட்டும் புதுமையாக்கியதே அதன் ஈர்ப்பு. காரைக்குடியின் ‘பங்களா’ நமக்கு அருகிலுள்ள சான்று. ஆத்தங்குடித் தரையையும் செட்டிநாட்டுச் சமையலையும் நாடியே உலகெங்கிலுமிருந்து விருந்தினர் அங்கு வருகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத நான்கு

அப்படியாயின் முதலில் எதற்குச் செலவிட வேண்டும்? நான்கைச் சொல்வேன்.

முதலாவது, மின்சாரம். ஐம்பது ஆண்டு பழைய ஒயரிங்கில் மூன்று குளிர்சாதனங்களையும் இரண்டு கீசர்களையும் ஏற்றுவது தீயை வலிய அழைப்பதாகும். அனுமதிக்கப்பட்ட மின்சுமையை மின்வழங்கும் நிறுவனத்திடம் விண்ணப்பித்து உயர்த்த வேண்டும். ஒயரை முழுமையாக மாற்றி, எர்த் இணைப்பைச் சோதித்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்த வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரை நீளமாகக் கொத்தி ஒயர் பதிப்பதைவிட, சுவரின் மேல் குழாயில் கொண்டுசெல்வது நன்று. தரைத்தளத்தில் பிளக் பாயிண்ட்டுகளை உயரமாக வைப்பது கொல்கத்தாவில் இன்றியமையாதது. 2025 செப்டம்பர் 23 அன்று ஓரிரவில் கொட்டிய பெருமழையில் நகரமே மூழ்கியபோது, தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்ததை நினைவிற்கொள்ள வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, தண்ணீர். மாநகராட்சி நீர் குறிப்பிட்ட நேரங்களில் வந்து சம்ப்பில் நிறைந்து மேல்தொட்டிக்கு ஏறுகிறது. குடும்பத்துக்குப் போதுமான தொட்டி, ஆறு விருந்தினர் தங்கும்போது காலை எட்டு மணிக்கே வற்றிவிடும். தொட்டியின் கொள்ளளவை உயர்த்துவதும், ஆண்டுக்கு இருமுறையேனும் கழுவுவதும், மூடியை இறுக மூடிவைப்பதும் தேவை. மூடாத தொட்டியில் டெங்குக் கொசு பெருகும். சன்னல்களுக்கு வலையும், கட்டிலுக்கு வங்காளிகள் ‘மொஷாரி’ எனும் கொசுவலையும் இருந்தால் இரசாயனச் சுருள்களின் புகையிலிருந்து விருந்தினர் தப்புவார்.

மூன்றாவது, குளியலறை. உலர்ந்த பகுதி வேறு, குளிக்கும் பகுதி வேறு எனப் பிரித்து, சரிவைச் சரியாக அமைத்து, சொரசொரப்பான தரை போட வேண்டும். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்த ஆகும் செலவு சொற்பம். காளிகாட்டுக்கு வரும் எழுபது வயதுத் தாயாருக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்து தங்கியிருப்பவருக்கும் அந்தக் கைப்பிடியே பெரிய வசதி. ஜனவரியில் கொல்கத்தா நன்றாகக் குளிரும். ஆகவே வெந்நீர் கட்டாயம் வேண்டும். ஆனால் காற்றோட்டமற்ற குளியலறைக்குள் எரிவாயு கீசரை வைக்கவே கூடாது. அது வெளிவிடும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை.

நான்காவது, வெளியேறும் வழி. அறைக்கு அறை புகை எச்சரிக்கைக் கருவி, மாடிப்படியருகே தீயணைப்பான், உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் கதவு, திறக்கக்கூடிய சன்னல் கம்பி, மின்தடையின்போது தானே எரியும் ஒரு விளக்கு ஆகியவை வேண்டும். வெளியேறும் பாதையைக் காட்டும் எளிய வரைபடம் ஒன்று கதவின் பின்புறம் இருக்கட்டும். அதில் மருத்துவமனை, காவல் நிலையம், வீட்டுக்காரர் ஆகியோரின் எண்களும் இருக்கட்டும். விருந்தினர் வந்த முதல் ஐந்து நிமிடத்துக்குள், வைஃபை கடவுச்சொல்லைச் சொல்வதற்கு முன்பாக, மாடிக்குச் செல்லும் வழியை ஒருமுறை நடந்து காட்டிவிட வேண்டும்.

இந்த நான்கும் முடிந்தபின் மெத்தைக்கும் விரிப்புக்கும் வாருங்கள். கட்டில் ஒன்றுக்கு மூன்று விரிப்புகள் என்பது தொழிலறிந்தோர் கணக்கு: ஒன்று விரித்தது, ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி காய மறுக்கும் கொல்கத்தாவில் நான்காகவே வைத்துக்கொள்வது நலம். வெள்ளை விரிப்பு கறையை மறைக்காது என்பதாலேயே நம்பிக்கை தருகிறது.

துடைப்பவரின் கூலி

தரம் பற்றிய பேச்சில் அதிகம் மறக்கப்படுபவர், வீட்டைத் துப்புரவு செய்பவர். ஒரு விருந்தினர் பதினொரு மணிக்குக் கிளம்ப, அடுத்தவர் இரண்டு மணிக்கு வருகிறார். இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் படுக்கை மாற்றி, குளியலறை கழுவி, தரை துடைத்து, அடுப்பு தேய்க்க வேண்டியவர் பெரும்பாலும் ஒரே ஒரு பெண். அவர் காலை ஐந்து மணிக்குப் புறநகர் ரயிலில் ஏறி, அதற்குள் வேறு இரண்டு வீடுகளில் வேலை முடித்து வந்திருப்பார். வீட்டு வேலைக்குத் தரும் மாதச் சம்பளத்திலேயே இந்த வேலையையும் சேர்த்துவிடுவது பரவலான வழக்கம். இது நியாயமும் அன்று, நல்ல வணிகமும் அன்று. இந்த வேலைக்குத் தனிக் கூலி நிர்ணயித்து, கையுறையும் நல்ல சாதனங்களும் தந்து, எந்த வரிசையில் எதைச் செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், ‘தூய்மை’ என்ற தலைப்பில் விழும் நட்சத்திரங்கள் தாமே உயரும். அந்த நட்சத்திரங்களை ஈட்டித் தருபவர் அவரே.

வீட்டில் ஆள் இருப்பது

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘இன்கிரெடிபிள் இந்தியா’ இல்லத்தங்கல் திட்டம், ஒன்று முதல் ஆறு அறைகள் வரை உள்ள வீடுகளைத் தங்கம், வெள்ளி என இரு வகையாகத் தரப்படுத்துகிறது. அதன் அடிப்படை நிபந்தனை, உரிமையாளரோ குடும்பத்தாரோ அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது. இதைப் பழங்கால நிபந்தனை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் உலகம் இந்தத் திசையில்தான் நகர்கிறது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைந்த தங்கல்களுக்கு உரிமையாளர் உடனிருக்க வேண்டும் என்ற விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்துகிறது. பார்சிலோனா, சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்கள் அனைத்தையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக 2024இல் அறிவித்தது. குடியிருப்போர் வாடகை வீடின்றித் துரத்தப்படுவதும், ஆளற்ற வீடுகளின் இரவுக் கூச்சலும் அங்கே பெரும் அரசியலாகிவிட்டன.

பவானிபூரின் தெருவும் குடும்பங்களின் தெருவே. வங்காளிகள், குஜராத்திகள், பஞ்சாபிகள் எனத் தலைமுறைகளாகக் கலந்து வாழும் பகுதி அது. எண்பூட்டில் கதவைத் திறந்து, எவர் முகத்தையும் பாராமல் தங்கிச் செல்லும் அமைப்பைவிட, மேல்தளத்தில் விருந்தினரும் கீழ்த்தளத்தில் குடும்பமும் இருக்கும் அமைப்பு அண்டை வீட்டாருக்கும் பாதுகாப்பு, விருந்தினருக்கும் பாதுகாப்பு. நள்ளிரவில் நோயாளிக்கு மூச்சுத் திணறும்போது, செயலியின் உதவி எண் ஆம்புலன்ஸைத் தெருமுனையில் நிறுத்தி வழிகாட்டாது.

சட்டக் கடமைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்கள் இணையவழியில் பதிவாக வேண்டும். இந்திய விருந்தினரின் அடையாளச் சான்றையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தாயின் பங்காளிகளின் எழுத்துப்பூர்வ இசைவும், அடுக்ககமாயின் சங்கத்தின் இசைவும் முன்னதாகவே பெறுவது வழக்குகளைத் தவிர்க்கும். வீடு மாநகராட்சியின் மரபுக் கட்டடப் பட்டியலில் உள்ளதா என்பதைப் பார்த்துவிட்டே கொத்தனாரை அழைக்க வேண்டும். வீட்டுக் கடனோ வீட்டுக் காப்பீடோ இருப்பின், வாடகைத் தங்கல் தொடங்குவதை வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்து, ஒப்பந்த விதிகளைச் சரிபார்க்க வேண்டும். குடியிருப்பு வீடு என்று எடுத்த காப்பீடு, விருந்தினர் அறையில் நேரும் விபத்துக்கு ஈடு தருமா என்ற கேள்வியை விபத்துக்கு முன்பே கேட்டுவிடுவது அறிவுடைமை.

கடன் கணக்கு

முத்ரா திட்டத்தில் சிசு வகையில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் வகையில் 5 லட்சம் வரையும், தருண் வகையில் 10 லட்சம் வரையும் கடன் பெறலாம். தருண் கடனை முன்பு பெற்றுத் திருப்பிச் செலுத்தியோருக்கு ‘தருண் பிளஸ்’ வகையில் 20 லட்சம் வரை உண்டு. பிணைச் சொத்து கேட்கப்படாத கடன் என்பதால் எளிதாகத் தோன்றும். பிணை இல்லை என்றாலும் தவணை இருக்கிறது.

பவானிபூரில் துர்கா பூஜையும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலமும் அறைகள் நிறையும் காலம். மே மாத வெயிலிலும் ஜூலை மழையிலும் சுற்றுலாப் பயணிகள் குறைவர். டிசம்பர் வரவைக் கொண்டு மாதத் தவணையை நிர்ணயிப்பவர் ஜூலையில் தடுமாறுவார். ஆகவே மிக வறண்ட மாதத்தின் வரவு எவ்வளவு என்று முதலில் மதிப்பிட்டு, அதிலிருந்து துப்புரவுக் கூலி, மின்கட்டணம், சலவை ஆகியவற்றைக் கழித்து, எஞ்சுவதற்குள் தவணை அடங்குமாறு கடன் தொகையைத் தீர்மானிப்பது முறை. மூன்று தவணைத் தொகையைத் தனி வைப்பாக ஒதுக்கி வைத்தால் மனமும் நிம்மதி பெறும். விருந்தினர் வாடகைக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால், வருமான வரிக் கணக்கும், சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்போது எழும் ஜி.எஸ்.டி. பதிவுக் கடமையும் குழப்பமின்றித் தெளிவாகும்.

5 லட்சம் கடன் பெறுவதாகக் கொள்வோம். அதில் குறைந்தது பாதியை மேலே சொன்ன நான்குக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. அதன்பின் மெத்தை, விரிப்பு, சமையல் சாமான்கள். எஞ்சியதே வண்ணப்பூச்சுக்கும் அலங்காரத்துக்கும். பழைய சன்னலுக்குப் புது அலுமினியச் சட்டம் வாங்கும் பணத்தில் ஒரு நல்ல தச்சரை வைத்துக் கொர்கொரியைப் பழுதுபார்த்துவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் முடியும். அது அலங்காரச் செலவையும் குறைத்துவிடும்.

கடன் வழங்கும் வங்கிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஹோம்ஸ்டே கடன் விண்ணப்பத்தோடு வண்ணப்பூச்சின் மதிப்பீட்டுத் தாளைக் கேட்பது போலவே, உரிமம் பெற்ற மின்பணியாளரின் சோதனைச் சான்றையும் கேட்கலாம். தீயணைப்பு ஏற்பாடு உண்டா, வெளியேறும் வழி இரண்டு உண்டா என்ற இரு கேள்விகளையும் விண்ணப்பப் படிவத்தில் சேர்க்கலாம். கடன் பெறுபவருக்கு இது தடையாகத் தோன்றினாலும், அவருடைய முதலீட்டைக் காக்கும் கேள்விகள் அவை. விபத்து நேர்ந்த விடுதியில் மீண்டும் யாரும் அறை கேட்பதில்லை. அந்தக் கடனும் திரும்பி வருவதில்லை.

கரூரிலிருந்து கொல்கத்தா பார்க்கச் சென்ற அந்தக் குடும்பம் அறை எடுத்தபோது, வாடகையையும் படுக்கையையும் பார்த்திருக்கும். வேறு எதை ஒரு பயணி பார்க்க முடியும்? அவர் பார்க்க முடியாததை அவருக்காகப் பார்த்து வைக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. வீட்டைத் தயார் செய்வது என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுவே. உங்கள் வீடு பவானிபூரில் இருந்தாலும் சரி, மன்னார்குடியில் இருந்தாலும் சரி, முதல் விருந்தினரை அழைப்பதற்கு முன் ஒரு நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, நீங்களே அந்த அறையிலிருந்து தெருவுக்கும் மொட்டைமாடிக்கும் தட்டுத் தடுமாறாமல் நடந்து பாருங்கள். நடக்க முடிந்தால் வண்ணம் பூசத் தொடங்கலாம்.